கெர்னல் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலைப் பற்றிப் பாடக் குறிப்புகளிலும் யூடியூபிலும் திரும்பத் திரும்ப வரும் விளக்கம் இது: கெர்னல்தான் கம்ப்யூட்டரின் இதயம், அது பின்னணியில் இடைவிடாமல் ஓடி எல்லா புரோகிராம்களையும் கண்காணிக்கிறது. பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் விழும். இதை நம்பிக்கொண்டு மேலே படிக்கப் போனால்தான் சிக்கல்.

சிபியுவில் ஒரே ஒரு கோர் (கட்டளைகளை ஓட்டும் பகுதி) இருந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கோர் ஒரு நேரத்தில் ஒருவருடைய வேலையைத்தான் பார்க்க முடியும். அதில் உங்கள் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கெர்னல் எங்கே ஓடுகிறது?

எங்கேயும் ஓடவில்லை. மெமரியில் சும்மா கிடக்கிறது. அப்படியானால் உங்கள் புரோகிராம் அத்துமீறினால் யார் தடுப்பது? முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் யார் நிறுத்துவது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால் கெர்னல் வேலை செய்யும் விதம் பெரும்பாலும் புரிந்த மாதிரிதான்.

எது கெர்னல், எது இல்லை

ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால் செட்டிங்ஸில் போனைப் பற்றிய தகவல் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். 'கெர்னல் வெர்ஷன்' என்று ஒரு எண் இருக்கும். அது லினக்ஸ் கெர்னலின் எண். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கிய அதே லினக்ஸ்தான். உபுண்டு லேப்டாப்பிலும் அதுவே இருக்கிறது. பார்வைக்கு உபுண்டுவுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. திரையில் தெரியும் ஐகான், கீபோர்டு, பிரவுசர், விண்டோஸின் ஸ்டார்ட் பட்டன் எதுவும் கெர்னலில் சேராது. அவை எல்லாம் சாதாரண புரோகிராம்கள்.

கெர்னலும் டிஸ்க்கில் இருக்கும் ஒரு கோப்புதான். உபுண்டு மாதிரியான லினக்ஸில் சுருக்கிய வடிவில் பத்துப் பதினைந்து எம்பி இருக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அது மெமரிக்கு ஏறும். சாதனங்களைத் தட்டி எழுப்பும், சில பட்டியல்களைத் தயார் செய்யும், முதல் புரோகிராமைத் தொடங்கிவைக்கும். அதற்குப் பிறகு தேவைப்படும்போது மட்டும்தான் அதற்கு வேலை.

ஒரு சொல்லை மட்டும் இங்கேயே விளக்கிவிடுகிறேன். டிஸ்க்கில் கிடக்கும்போது அது புரோகிராம். அதையே திறந்து, மெமரியில் இடம் கொடுத்து ஓட வைத்தால் அது ப்ராசஸ். ஒரே புரோகிராமை மூன்று தடவை திறந்தால் மூன்று ப்ராசஸ்.

சிபியுவுக்கு இரண்டு நிலைகள்

இனிமேல் சொல்லப்போவது எல்லாம் ஹார்டுவேரில் உள்ள ஒரே ஒரு வசதியை நம்பி நிற்கிறது. சிபியு எந்த நேரத்திலும் இரண்டு நிலைகளில் ஒன்றில் இருக்கும். யூசர் மோடில் இருந்தால் கூட்டல், கழித்தல், தன் மெமரியைப் படிப்பது, எழுதுவது போன்றவற்றைச் செய்யலாம். டிஸ்க்கோடு நேரடியாகப் பேசுவது, சிபியுவையே நிறுத்திவைப்பது, மெமரிப் பங்கீட்டை மாற்றுவது போன்றவை கூடாது. கெர்னல் மோடில் இருந்தால் எல்லாம் செய்யலாம். இன்டெல் சிப்களில் உண்மையில் 0 முதல் 3 வரை நான்கு படிகள் இருக்கின்றன. லினக்ஸும் விண்டோஸும் 0, 3 என்ற இரண்டை வைத்தே காலத்தை ஓட்டுகின்றன.

யூசர் மோடில் இருக்கும் புரோகிராம் கூடாத கட்டளை ஒன்றைக் கொடுத்தால் மறுப்பது சிபியுவின் மின்சுற்று. அதைப் பிடிக்கக் கெர்னல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விதிகளை எழுதிக் கொடுத்துவிட்டுக் கெர்னல் ஒதுங்கிவிடுகிறது, அவற்றை ஒவ்வொரு கட்டளைக்கும் பார்த்து அமல்படுத்துவது ஹார்டுவேர்.

இங்கே பலரும் தடுமாறும் ஒரு விஷயம் உண்டு. ரூட் அல்லது அட்மினிஸ்ட்ரேட்டராக, அதாவது எல்லா அனுமதியும் உள்ள பயனராக, ஓட்டும் புரோகிராம் கெர்னல் மோடில் ஓடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ரூட்டின் புரோகிராமும் யூசர் மோடில்தான் ஓடுகிறது. 'கேட்பவர் ரூட்' என்று தெரிந்தால் கெர்னல் பல கோரிக்கைகளுக்கு மறுப்புச் சொல்லாது, அவ்வளவுதான். ரூட் என்பது கெர்னல் வைத்திருக்கும் பதிவேட்டில் உள்ள ஒரு தகுதி. கெர்னல் மோடு என்பது சிபியு அந்தக் கணத்தில் இருக்கும் நிலை. இரண்டும் வேறு வேறு சமாச்சாரம்.

கவுன்டரும் ஒரே ஆளும்

இதை வங்கி கவுன்டரோடு ஒப்பிடலாம். பணம் வைத்திருக்கும் அறைக்குள் நீங்களே நுழைந்து எடுத்துக்கொள்ள முடியாது. செலானை நிரப்பிக் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் கையெழுத்தைச் சரிபார்த்து, கணக்கில் இருப்பு இருந்தால் எடுத்துத் தருவார். இல்லையென்றால் செலான் திரும்பி வரும். புரோகிராமுக்கும் கெர்னலுக்கும் உள்ள உறவு இதுவரை பொருந்துகிறது.

பொருந்தாத இடம்தான் முக்கியம். வங்கியில் நீங்கள் ஒருவர், காசாளர் இன்னொருவர். கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே ஆள், சிபியு. வெளியே நின்று செலான் எழுதியவரே அதை வைத்துவிட்டு உள்ளே போய், காசாளர் நாற்காலியில் உட்கார்ந்து, தான் எழுதிய செலானைத் தானே சரிபார்க்கிறார். இப்படிச் செய்தால் திருடிவிட மாட்டாரா? மாட்டார். உள்ளே போகும் வழி, போனதும் முதலில் நிற்க வேண்டிய இடம், அடுத்தடுத்துச் செய்ய வேண்டியவை எல்லாம் கெர்னல் ஏற்கெனவே எழுதிவைத்தவை. உள்ளே காலெடுத்து வைத்த கணத்தில் அவர் பின்பற்றுவது உங்கள் புரோகிராமின் வரிகளை அல்ல, கெர்னலின் வரிகளை. வெளியே வரும்போதுதான் மறுபடி உங்கள் வரிகள்.

இதுவரை சொன்னதன் சாரம்: கெர்னல் தனி ஆள் கிடையாது. உங்கள் புரோகிராமை ஓட்டும் அதே சிபியு, வேறு நிலைக்கு மாறி, வேறு குறிப்பேட்டைப் பார்த்து வேலை செய்வதுதான் கெர்னல் ஓடுவது. (இன்றைய எட்டு கோர் சிப்பில் இரண்டு மூன்று கோர்கள் ஒரே நேரத்தில் கெர்னலுக்குள் இருக்கலாம். தனக்கென்று சில பின்னணி வேலைகளையும் கெர்னல் வைத்திருக்கிறது. அவையும் மற்ற ப்ராசஸ்களைப் போல வரிசையில் நின்றே சிபியுவைப் பெறுகின்றன.)

'வணக்கம்' திரைக்குப் போகும் வழி

சின்ன புரோகிராம் ஒன்று எழுதுகிறீர்கள். டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் ஜன்னலில்) 'வணக்கம்' என்று அச்சிட வேண்டும், வேறு வேலை இல்லை. திரையைத் தொட உங்கள் புரோகிராமுக்கு உரிமை கிடையாது. ஆகவே கெர்னலிடம் கேட்க வேண்டும். இப்படிக் கேட்பதற்குப் பெயர் சிஸ்டம் கால்.

கேட்பது பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும். இன்டெல், ஏஎம்டி வகை 64 பிட் லினக்ஸில், சிபியுவுக்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டர்கள் என்ற சின்னச் சின்னப் பெட்டிகளில் நான்கு எண்களைப் போட வேண்டும். முதல் பெட்டியில் 1. 'எழுது' என்ற கோரிக்கைக்கு லினக்ஸ் கொடுத்திருக்கும் எண் அது. 'படி' என்பதற்கு 0. இரண்டாவது பெட்டியிலும் 1, எங்கே எழுதுவது என்பதற்காக. இங்கே 1 என்றால் வழக்கமான வெளியீடு, அதாவது டெர்மினல். மூன்றாவது பெட்டியில் எழுத்துகள் மெமரியில் இருக்கும் முகவரி. நான்காவதில் எத்தனை பைட் என்ற கணக்கு.

அந்தக் கணக்கு 22. 'வணக்கம்' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் புள்ளியும் தனிக் குறியீடு என்பதால் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 21. வரியை முடிக்க இன்னும் ஒன்று.

பெட்டிகளை நிரப்பியதும் உங்கள் புரோகிராம் 'சிஸ்கால்' என்ற ஒற்றைக் கட்டளையைக் கொடுக்கும். அந்தக் கட்டளைக்குச் சிபியு செய்வது இரண்டு காரியம். கெர்னல் மோடுக்கு மாறுகிறது. கூடவே, கம்ப்யூட்டர் ஆன் ஆனபோது கெர்னல் குறித்துக் கொடுத்த முகவரிக்குத் தாவுகிறது. எங்கே தாவுவது என்று தீர்மானிக்கும் உரிமை உங்கள் புரோகிராமுக்கு இல்லை. பாதுகாப்பு முழுக்க இந்த ஒரு கட்டுப்பாட்டில் இருக்கிறது.

உள்ளே போனதும் கெர்னல் பெட்டிகளைப் பார்க்கும். 1, சரி, எழுதச் சொல்கிறார்கள். இந்த ப்ராசஸ் டெர்மினலைத் திறந்து வைத்திருக்கிறதா? ஆமாம். கொடுத்த முகவரி அதன் சொந்த மெமரிதானா? ஆமாம். 22 பைட்டுகளை எடுத்து டெர்மினலுக்குப் போகும் வழியில் ஒப்படைத்துவிட்டு, முதல் பெட்டியில் 22 என்று பதில் வைத்துவிட்டு, யூசர் மோடுக்குத் திரும்பும். 'நீ கேட்ட 22-ஐயும் எழுதியாயிற்று' என்று அதற்கு அர்த்தம். வேண்டுமென்றே ஒரு செல்லாத முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். கோபித்துக்கொண்டு எதையும் உடைக்காது. −14 என்று பதில் வரும். லினக்ஸ் அகராதியில் அதற்கு 'முகவரி தவறு' என்று பொருள்.

கோப்பைத் திறப்பது, இணையத்துக்கு அனுப்புவது, புதிய ப்ராசஸ் தொடங்குவது எல்லாமே எண்ணும் பெட்டிகளும் மாறிய இதே கதைதான். லினக்ஸில் இப்படிச் சில நூறு சிஸ்டம் கால்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

கேட்கவே கேட்காத புரோகிராமை என்ன செய்வது?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒரு புரோகிராம் சிஸ்டம் காலே போடவில்லை. ஒன்றும் ஒன்றும் இரண்டு, இரண்டும் ஒன்றும் மூன்று என்று கூட்டிக்கொண்டே முடிவில்லாமல் சுற்றுகிறது. கெர்னலோ தூங்குகிறது. கம்ப்யூட்டர் மாட்டிக்கொண்டதுதானே?

ஒரு காலத்தில் உண்மையிலேயே மாட்டிக்கொண்டது. விண்டோஸ் 3.1, பழைய மேக் இரண்டிலும், புரோகிராம்களே பெருந்தன்மையோடு 'அடுத்தவர் வரலாம்' என்று விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்று பிடிவாதம் பிடித்தால் மற்றவை எல்லாம் உறைந்துபோகும். மேக் இந்தத் தொல்லையிலிருந்து முழுதாக வெளியே வந்தது 2001-இல், ஓஎஸ் எக்ஸ் வந்த பிறகு.

இன்று இது ஏன் நடப்பதில்லை? கெர்னல் தூங்கப் போகும் முன் அலாரம் வைத்துவிட்டுப் போகிறது. சிபியுவோடு ஒரு டைமர் சில்லும் இருக்கிறது. 'இவ்வளவு நேரம் கழித்துத் தட்டு' என்று அதைத் திருப்பிவைத்துவிட்டுத்தான் கெர்னல் உங்கள் புரோகிராமிடம் சிபியுவைக் கொடுக்கும். பல லினக்ஸ் அமைப்புகளில் டைமர் நொடிக்கு 250 தடவை, அதாவது 4 மில்லி நொடிக்கு ஒரு தடவை தட்டுகிறது. தட்டியதும் சிபியு நடந்துகொண்டிருந்த வேலையை விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, கெர்னல் மோடுக்கு மாறி, கெர்னல் குறித்த இடத்துக்குத் தாவும். யாரும் கேட்காமலே ஹார்டுவேர் இப்படிச் சிபியுவை உள்ளே இழுப்பதற்கு இன்டரப்ட் என்று பெயர். கூட்டிக்கொண்டிருந்த புரோகிராமுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியாது.

உள்ளே வந்த கெர்னல் அடுத்து யார் ஓட வேண்டும் என்று பார்க்கிறது. இதை முடிவு செய்யும் பகுதிதான் ஷெட்யூலர். இதுவரை அதிகம் ஓடாத ஒரு ப்ராசஸ் காத்திருந்தால் அதன் ரெஜிஸ்டர் எண்களை எடுத்து வைத்து, அதை ஓட விடும். முந்தையதன் எண்கள் பத்திரமாக மெமரியில் இருக்கும், அதன் முறை வரும்போது விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். எது நியாயமான பங்கு என்ற கணக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை. லினக்ஸ் 2007-இல் கொண்டுவந்த முறையை 2023-இல் வெளியான 6.6 பதிப்பில் மாற்றியது.

டைமர் மட்டுமல்ல, நீங்கள் கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினாலும், இணையத்திலிருந்து தரவு வந்து சேர்ந்தாலும் இன்டரப்ட்தான். டாஸ்க் மேனேஜரில் இருநூறு முந்நூறு ப்ராசஸ்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அவற்றில் அநேகமாக எல்லாமே ஏதோ ஒன்றுக்காகக் காத்துத் தூங்குகின்றன. 'விசை தட்டும்வரை எழுப்பாதே' என்று சிஸ்டம் கால் போட்ட ப்ராசஸைக் கெர்னல் வரிசையிலிருந்தே எடுத்துவிடும், சிபியுவைத் துளியும் தராது. எல்லாருமே தூங்கிவிட்டால்? கெர்னல் சிபியுவுக்கே ஓய்வு கொடுக்கும் கட்டளையைப் போட்டுவிடும். அடுத்த இன்டரப்ட் வரும்வரை அந்தக் கோரில் கெர்னல் உட்பட எதுவுமே ஓடாது. சட்டைப் பையில் கிடக்கும் போனின் பேட்டரி தாக்குப்பிடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆக, கெர்னல் விழிக்க இரண்டு வழிகளைப் பார்த்தோம். புரோகிராமே கேட்பது சிஸ்டம் கால். ஹார்டுவேர் தட்டுவது இன்டரப்ட். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது மெமரியில்.

ஒரே முகவரி, வேறு வேறு இடம்

இரண்டு ப்ராசஸ்கள் ஒரே நேரத்தில் ஒரே முகவரியில் எழுதலாம். ஒன்று எழுதியதை மற்றது பார்க்காது. காரணம், புரோகிராம்கள் பயன்படுத்தும் முகவரிகள் எதுவும் ரேம் சில்லின் உண்மையான முகவரி கிடையாது. மெமரியைக் கெர்னல் பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் வழக்கமாக 4096 பைட். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் 'உன் இந்தப் பக்கம் ரேமில் இங்கே இருக்கிறது' என்று ஒரு அட்டவணை உண்டு. அதுதான் பேஜ் டேபிள்.

அட்டவணையை எழுதுவது கெர்னல். ஆனால் புரோகிராம் மெமரியைத் தொடும் ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்து முகவரியை மாற்றிக் கொடுப்பது சிபியுவே. அட்டவணையில் இல்லாத பக்கத்தைத் தொட்டால்தான் சிபியு கைவிரித்துவிட்டுக் கெர்னலுக்குள் தாவும். அந்த நிகழ்வு பேஜ் ஃபால்ட். மூன்றாவது வழி இதுதான்.

பேஜ் ஃபால்ட் என்றதும் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம். உங்கள் புரோகிராம் 1 ஜிபி மெமரி கேட்கிறது. லினக்ஸ் உடனே 'சரி' என்கிறது. ரேமில் ஒரு பக்கத்தைக்கூட ஒதுக்கியிருக்காது. 'இந்த எல்லை வரை இவருக்கு' என்று குறிப்பு மட்டும் எழுதிவைக்கும். நீங்கள் முதல் பக்கத்தில் எழுதப் போகும்போது பேஜ் ஃபால்ட் வரும். கெர்னல் குறிப்பைப் பார்த்து, ஓ, இவருக்குச் சொன்ன இடம்தான் என்று ஒரு பக்கத்தை ஒதுக்கி, அட்டவணையில் எழுதிவிட்டு, அதே கட்டளையை மறுபடி ஓட விடும். புரோகிராமுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். குறிப்பிலேயே இல்லாத முகவரி என்றால் கதை வேறு. 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற புகழ்பெற்ற வரியோடு அந்த ப்ராசஸ் பெரும்பாலும் அங்கேயே முடியும். சி மொழி படித்தவர்களுக்குப் பழக்கமான துக்கம் அது.

காவல் ஹார்டுவேரின் கையில் என்றால், ஹார்டுவேரில் ஓட்டை இருந்தால்? 2018 ஜனவரியில் வெளியே தெரியவந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறை அதுதான். கெர்னலின் மெமரியை யூசர் மோடிலிருந்து படிக்கக் கூடாது என்ற விதி பல இன்டெல் சிப்களில் மறைமுகமாகக் கசிந்தது. அந்த மெமரியைப் புரோகிராம் ஓடும்போது அட்டவணையிலேயே காட்டாமல் மறைத்துத்தான் சமாளித்தார்கள். அதனால் உள்ளே போய்வரும் ஒவ்வொரு பயணமும் கொஞ்சம் மெதுவானது.

கெர்னலே தவறினால்

சாதாரண ப்ராசஸ் தவறான முகவரியைத் தொட்டால் கெர்னல் அதை மட்டும் முடித்துவிட்டு மற்றதைப் பார்க்கும். அதே தவறைக் கெர்னல் மோடில் ஓடும் வரி செய்தால், மேலே முறையிட ஆள் இல்லை.

2024 ஜூலை 19 நினைவிருக்கலாம். விமான நிலையங்களில் நீலத் திரைகள், இந்தியாவில் சில இடங்களில் கையால் எழுதிக் கொடுத்த போர்டிங் பாஸ்கள். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸ் கெர்னலுக்குள் ஒரு டிரைவரை வைத்து ஓடுகிறது. டிரைவர் என்பது பிரிண்டர், டிஸ்க் மாதிரி ஏதாவதொன்றைக் கையாளக் கெர்னலோடு சேர்த்துக்கொள்ளும் துண்டு. அன்று வந்த ஒரு புதுப்பிப்புக் கோப்பைப் படிக்கும்போது அந்த டிரைவர் எல்லை தாண்டி மெமரியைத் தொட்டது. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. பிரவுசர் செய்திருந்தால் பிரவுசர் மட்டும் மூடியிருக்கும்.

நீலத் திரை என்பது கம்ப்யூட்டர் கையாலாகாமல் விழுவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அது கெர்னல் யோசித்து எடுக்கும் முடிவு. தன் மெமரியே கெட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தோடு தொடர்ந்து ஓடினால் தப்பான தரவை டிஸ்க்கில் எழுதிவிடக்கூடும். அதற்கு நிற்பதே மேல். லினக்ஸில் இதற்குக் கெர்னல் பேனிக் என்று பெயர்.

டிரைவர்களை ஏன் வெளியே வைக்கக் கூடாது? பழைய சண்டை இது. மினிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிய பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம், 1992 ஜனவரியில், எல்லாவற்றையும் கெர்னலுக்குள் அடைக்கும் லினக்ஸ் பழங்காலத்து வடிவமைப்பு என்று எழுத, டோர்வால்ட்ஸ் சூடாகப் பதில் கொடுத்தார். டிரைவர்களை யூசர் மோடுக்குத் தள்ளும் முறைக்கு மைக்ரோகெர்னல் என்று பெயர். பாதுகாப்பு கூடும், ஆனால் கவுன்டரைத் தாண்டும் பயணங்களும் கூடும். கொள்கையளவில் டேனன்பாம் பக்கம்தான் நியாயம் என்பேன். வேகத்தை விட்டுக்கொடுக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

கண்ணால் பார்க்க

அந்தப் பயணச் செலவை லினக்ஸில் நீங்களே அளக்கலாம். 'டிடி' என்ற நகலெடுக்கும் கட்டளையில் ஒரு தடவைக்கு எத்தனை பைட் எடுப்பது என்று சொல்ல முடியும். பூஜ்யங்களை மட்டுமே தரும் சிறப்புக் கோப்பிலிருந்து, எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் சிறப்புக் கோப்புக்கு 10 எம்பி நகலெடுங்கள். முதலில் ஒரு தடவைக்கு 1 எம்பி. பத்துப் 'படி', பத்து 'எழுது', கண்ணிமைப்பதற்குள் முடியும். அப்புறம் ஒரு தடவைக்கு 1 பைட். நகர்வது அதே 10 எம்பிதான், ஆனால் இந்தத் தடவை 2 கோடியே 9 லட்சத்துக்கும் மேற்பட்ட சிஸ்டம் கால்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்துச் சில நொடிகள்கூட ஆகலாம்.

முன்னால் 'டைம்' என்று சேர்த்து ஓட்டினால் கடைசியில் மூன்று வரிகள் வரும். 'ரியல்' என்பது கடிகாரத்தில் ஓடிய நேரம். 'யூசர்' என்பது சிபியு யூசர் மோடில் செலவிட்டது. 'சிஸ்' என்பது இந்தப் புரோகிராமுக்காகக் கெர்னல் மோடில் செலவிட்டது. 1 பைட் சோதனையில் 'சிஸ்' வரி வீங்கியிருப்பதைப் பார்க்கலாம். அடுத்து, ஒன்றும் செய்யாமல் சொன்ன நேரம் தூங்கி எழும் 'ஸ்லீப்' கட்டளையை ஐந்து நொடிக்கு வைத்து அதே மாதிரி அளந்து பாருங்கள். 'ரியல்' ஐந்து நொடி காட்டும், மற்ற இரண்டும் கிட்டத்தட்ட பூஜ்யம்.